ஐந்நூறில் ஒன்று

முதல் நாற்பது தோட்டாவை மார்லிஸ் கையுறையோடு சுட்டாள்.
பிறகு கழற்றினாள்.
பிறகு மறுபடி மாட்டிக்கொண்டாள்.
"அவன் வரும் நாளில் கையில் எது இருக்குமோ
எனக்கு எப்படித் தெரியும்?"

வடக்கு டக்கோட்டா, நவம்பர்,
யாரும் வராத சரளைக் குழி.
டிரக் கதவைத் திறந்துவைத்து
மடியில் பேரேட்டோடு நான்.
கோதுமைக் கிடங்கில் லாரி எடை எழுதுகிற அதே பேரேடு,
கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.

ஆர்டெல் ட்வைட் முந்தின நாள்
ஸ்லைடைக் கழற்றிக் காட்டியிருந்தார்.
எக்ஸ்ட்ராக்டர்:
குழந்தையின் சுண்டுவிரல் நகம் அளவு கொக்கி,
முதுகில் ஒரு சுருள்வில்.
வெடித்து முடிந்த கூட்டை
அறையிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவரும்.
வேறு வேலை கிடையாது அதற்கு.
போலித் தோட்டா ஒன்றின் விளிம்பை அதனடியில் செருகி
மெல்லக் குலுக்கினார்.
விழவில்லை.
விழுந்தால் தளர்வாம்.
நுழையவே மறுத்தால் இறுக்கமாம்.
உடும்புப் பிடிகூட இங்கே ஒரு குறைதான்.

"இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாமா?" என்றாள் அக்கா.
"சுட்டுப் பார். மலிவானதில் முந்நூறு,
நீ வைத்திருக்கப் போகிறதில் இருநூறு.
நடுவில் துடைக்காதே. எண்ணெய் விடாதே."

சோற்றுக்குத்தான் ஒரு பருக்கை பதம்.
இந்தப் பானையில்
ஒவ்வொரு பருக்கையையும் நசுக்கிப் பார்க்க வேண்டும்.

இருநூற்று எழுபத்தொன்று.
சத்தம் வந்தது, அடுத்த சத்தம் வரவில்லை.
வெற்றுக்கூடு அறைக்குள்ளேயே நின்றுவிட்டது,
பஸ் படியில் இறங்காமல் நிற்கிறவன் முதுகில்
ஏற வருகிறவன் மூக்கு இடிப்பதுபோல்
அதன் பின்னால் புதுத் தோட்டா.
மேகசினை உருவி,
ஸ்லைடை இழுத்து, இழுத்து, இன்னொரு முறை இழுத்து...
ஒன்பது விநாடி.
மருத்துவமனைப் பின்வாசலிலிருந்து அவள் கார் வரைக்கும்
எத்தனை விநாடி என்று இருவருக்கும் தெரியும்.
அதை நான் எழுதவில்லை.

மீதி எல்லாம் ஓடியது, தடங்கலே இல்லாமல்.

"ஐந்நூறில் ஒன்று" என்றேன்.
"கிடங்கில் இவ்வளவு சேதாரத்தைக்
கணக்கில்கூடக் காட்ட மாட்டோம்.
மலிவுத் தோட்டா. குளிர். உன் மணிக்கட்டும் தளர்ந்திருக்கலாம்."

அவள் காதிலிருந்த அடைப்பானை எடுத்தாள்.
"கெய்லனும் நல்லவன்தான்,
ஐந்நூறு நாளில் ஒரு நாள் தவிர."

பனியில் கூடுகளைப் பொறுக்கினோம்.
சூட்டோடு விழுந்தவை,
ஒவ்வொன்றும் தன் அளவுக்கு ஒரு கிணறு தோண்டி இறங்கியிருந்தது.
நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
வெளிச்சம் போகும்வரை முழங்காலிட்டு
கடைசி ஒன்றைத் தேடினேன்.
அவள் தேடவில்லை.
கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றிருந்தாள்.
அது அங்கே இருந்தது.

ஆர்டெல் லென்ஸை வைத்துப் பார்த்தார்.
விளிம்பில் கொக்கி பற்றி வழுக்கிய இடம்,
பூனை பிறாண்டியதுபோல் ஒரு கீறல்.
"தோட்டா மேல் பழி போடலாம். எனக்கு வில் மேல் சந்தேகம்."
வில்லை மாற்றினார். ஏழு டாலர்.
தோட்டாவுக்கு அவள் கொடுத்தது
ஒரு வாரச் சம்பளத்தில் பாதி.
"இப்போது சரியா?"
"தெரியாது. ஒன்றிலிருந்து எண்ணு."

அன்றிரவு அவளுக்கு வேலை இருந்தது.
துப்பாக்கி சமையலறை மேசையில்,
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது.
பின்வாசல் விளக்குக் கம்பத்தடியில் டிரக்கை நிறுத்தி
இன்ஜினை அணைக்காமல்
பதினொன்றிலிருந்து ஏழு வரை நான் உட்கார்ந்திருந்தேன்.
பேரேட்டில் புதுப் பக்கம்.
தேதி மட்டும் எழுதியிருந்தேன்.